வேங்கைமலைக்கு மழை வேண்டாம்

வேங்கைமலையில் மழை பெய்யலாமா கூடாதா என்று முடிவு செய்கிற கூட்டத்துக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். ஜெசிந்தா, ரசிகர் தொடர்பு என்று என் மேஜையில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. மூன்று வருடமாக அதைத் துடைப்பதைத் தவிர எனக்கு அந்த ஆபீசில் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. சும்மா இருக்கிறவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும். எனக்கு வேலை இருந்த காலத்திலும் சீக்கிரம்தான் வரும், அது வேறு விஷயம்.

வேங்கைமலையை வரைபடத்தில் தேட வேண்டாம். அது ஒரு வீடியோ கேமில் இருக்கிற ஊர். 'வேங்கைமலை டவுன் பஸ்' என்று பெயர். ஒரு பஸ் ஸ்டாண்ட், ஒரு சந்தை, வளைந்து வளைந்து ஏறுகிற மலைப்பாதை, உச்சியில் ஒரு டீக்கடை. அவ்வளவுதான் ஊர். துப்பாக்கி கிடையாது, பேய் கிடையாது, ஜெயிக்கிறதுக்கும் ஒன்றும் கிடையாது. நீங்கள் டிரைவராக இருக்கலாம், இல்லையென்றால் கண்டக்டராக இருக்கலாம். அவரவர் வீட்டிலிருந்தபடி ஆயிரக்கணக்கான பேர் தினமும் அந்த ஊருக்குள் வந்து பஸ் ஓட்டுவார்கள். கல்யாணமாகிப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் கூட இருக்கிறார்கள்.

இதை எழுதியவர் எங்கள் முதலாளி நாச்சிமுத்து சார். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கும்போது ப்ராஜெக்டுக்காக ஆரம்பித்தது. அப்போதே அதில் ஒரு பிழை இருந்தது. ஏழாவது வளைவில் பஸ் திரும்பும்போது பயணிகள் அத்தனை பேரும் சீட்டிலிருந்து எம்பி, கூரையில் தலை முட்டி, ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி உட்காருவார்கள். பின்னால் ஒரு தடவை அந்தப் பிழையைச் சரி செய்தோம். அன்றைக்கு நாங்கள் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. அந்த வார்த்தைகளில் பாதி எனக்கே புதுசு. பிழையைத் திரும்ப வைத்த பிறகுதான் ஊர் அடங்கியது.

ஏன் அப்படி என்று கேட்காதீர்கள். புதிதாக ஒருத்தர் முதல் தடவை ஏழாவது வளைவு தாண்டினால் மலையில் இருக்கிற எல்லா பஸ்ஸும் ஹாரன் அடித்து வரவேற்கும். இதுபோல எத்தனையோ வழக்கங்களை ஜனங்களே உண்டாக்கி வைத்திருந்தார்கள். நாங்கள் எதை மாற்றினாலும், பஸ்ஸுக்குப் புது வண்ணம் அடித்தால்கூட, எல்லோரும் மலை அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பார்கள். அதற்குப் பெயர் தர்ணா.

தர்ணா வந்தால் எனக்கு வேலை வரும். என் சொந்த போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவேன். வாதம் பண்ணவே மாட்டேன். முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" அடுத்து அவர்கள் என்னைத் திட்டுவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் ஆபீசைத் திட்டுவேன். கடைசியில், "ஒரே ஒரு டிரிப் அடிச்சுப் பாருங்க, எனக்காக" என்பேன். வண்டி நகரும். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கிற மாமாவைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வருகிற வேலைதான். எங்கள் தூத்துக்குடியில் அதற்கென்றே வீட்டுக்கு ஒரு ஆள் இருப்பார்கள். எங்கள் வீட்டில் நான்.

பிறகு சோதனைப் பிரிவுக்கு ஹாரூன் வந்தான், அவனோடு ரசிகர்களுக்குப் பதிலாக நிழல்கள் வந்தன, என் போன் ஓய்ந்தது.

கூட்டத்தில் நாச்சிமுத்து சார் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். மனசு சரியில்லாதபோது அவர் அப்படித்தான். அடுத்தடுத்து இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று.

"ஹாரூன், இன்னொருக்கா சொல்லுங்க" என்றார்.

"நிழல்கள்ல ஒருத்தர்கூட மழையில வண்டி எடுக்கல சார். அடிவாரம் வரைக்கும் வந்து நிறுத்திட்டாங்க. ஒரே ஹாரன். மூணு தடவை ஓட்டிப் பாத்துட்டேன், மூணு தடவையும் தர்ணாதான்."

"அப்ப மூடிறலாமுங்க" என்றார் நாச்சிமுத்து சார். "இந்த மாசக் கடைசியோட சர்வரை நிறுத்திறலாம்."

விஷயம் இதுதான். பழைய வேங்கைமலை இனி வருகிற கருவிகளில் ஓடாது. புதிய வேங்கைமலை தயாராக இருந்தது. அதில் மழை பெய்யும். இத்தனை வருடத்தில் அந்த ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது. இந்த மழை சும்மா திரையில் கோடு போடுகிற மழையும் கிடையாது. மண் கரையும், பாறை உருளும், ஓடை திசை மாறும், பாதை அறுந்தால் ஊர் தானாகவே வேறு பாதையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். எதையும் நாங்கள் எழுதி வைக்க வேண்டாம். "நாளைக்கு ஊரு எப்படி இருக்கும்னு நமக்கே தெரியாதுங்க" என்று சார் மூன்று வருடமாக எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்று மழையோடு புதிய ஊர், இல்லையென்றால் ஊரே இல்லை.

"அவங்களுக்குப் புடிக்காததைத் திணிக்கறதுக்கு நான் யாருங்க?" என்றார். "பழைய ஊராவே, மரியாதையா மூடிறலாம்."

"சார், நீங்க நிழலைக் கேட்டிய. ஆளைக் கேட்டியளா?"

"ஆளைக் கேட்டா என்ன சொல்லுவாங்களோ, அதைத்தானுங்க நிழலும் சொல்லுது."

டக் டக், டக் என்று பேனா தட்டியது. கூட்டம் முடிந்தது.

ஹாரூனை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். உக்கடத்துப் பையன், கெட்டிக்காரன், என்னிடம் திட்டு வாங்கினாலும் டீக்கு அவனே கொடுத்துவிடுவான்.

"ஏல, எனக்கு வெளங்குத மாதிரி சொல்லு. அந்த நிழல்னா என்னது?"

"அக்கா, உங்க அம்மாவுக்குச் சேலை எடுக்கப் போறீங்க. அவங்க கூட வரல. கடையில நின்னுக்கிட்டு இது அம்மாவுக்குப் பிடிக்கும், இது பிடிக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"எங்கம்மா என் மனசுக்குள்ள இருக்கா, அதான்."

"அதான் நிழல். அவங்க இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாங்க, எங்க பிரேக் பிடிச்சாங்க, யார்கூடச் சண்டை போட்டாங்க, என்ன பேசினாங்க, எல்லாத்தையும் மிஷின் படிச்சு வச்சிருக்கு. அவங்க சம்மதத்தோடதான். இப்ப அவங்க இல்லாமலே அவங்களை ஊருக்குள்ள விடலாம். புதுசா ஒண்ணு பண்ணினா முதல்ல நிழல்கிட்ட காட்டுவோம். அது வேண்டாம்னா அதோட விட்டுடுவோம். நிஜ ஆளு சங்கடப்பட வேண்டியதில்ல பாருங்க."

"நான் எடுத்துட்டுப் போன எந்தச் சேலைய எங்கம்மா நல்லாருக்குன்னு சொல்லிருக்கா? எல்லாத்தையும் முதல்ல வேண்டாம்பா. கலரு சரியில்லம்பா, முந்தி சரியில்லம்பா. அடுத்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு அதைத்தான் உடுத்திட்டுப் போவா."

ஹாரூன் டீயை உறிஞ்சாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"நீ அந்த கேமை ஆடிருக்கியா?"

"இல்லக்கா. ஆடினா எனக்கும் ஒரு பக்கம் பிடிச்சுப் போயிடும். கணக்கு நேர்மையா வராது."

நல்ல பையன்தான். ஆனால் அந்த பதிலைக் கேட்டு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாள் காலையிலேயே ஈரோட்டுக்கு பஸ் ஏறினேன். நிஜ பஸ்.

ஈரோட்டில் டாக்டர் கோமளவல்லியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். வேங்கைமலையில் தெரியாதவர் கிடையாது. வெளியில் பல் டாக்டர், மலையில் கண்டக்டர். இதுவரை நடந்த அத்தனை தர்ணாவுக்கும் தலைவி. ஒரு தடவை பஸ் டிக்கெட்டின் எழுத்தை மாற்றியதற்கு என்னோடு போனில் சண்டை போட்டு, நடுவில் ஒரு பேஷண்டுக்கு வேர் சிகிச்சை முடித்து, மறுபடி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர்.

நான் போனபோது நாற்காலியில் ஒருத்தர் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

"வாங்க ஜெசிந்தா" என்றார் டாக்டர், திரும்பாமலே. "மூணு வருஷமாச்சு உங்க குரலைக் கேட்டு. நாங்க இருக்கமா போயிட்டமான்னுகூட ஆபீசுல ஒரு கேள்வி இல்லீங்க. ஒரு மாத்தமும் இல்ல, ஒரு சண்டையும் இல்ல. ஊரு அப்படியே கெடக்குது. சலிச்சுப் போச்சுங்க."

"சலிச்சுப் போச்சா?"

"பின்ன? அதே டீக்கடை, அதே டீ."

நாற்காலியில் இருந்தவர் ஏதோ சொல்ல முயன்றார். "நீங்க பேசாதீங்க" என்றார் டாக்டர்.

நான் மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதி வாக்கியம்கூட முடியவில்லை.

"வேண்டாங்க."

"டாக்டர், முழுசாக் கேளுங்க..."

"வேங்கைமலைக்கு மழை வேண்டாங்க. இத்தனை வருஷம் மழையில்லாம நல்லாத்தான இருந்துச்சு? டிக்கெட்டு நனையும். படிக்கட்டு வழுக்கும். கண்ணாடி தெரியாம டிரைவருக கண்ட பக்கம் வுடுவாங்க. ஏழாவது வளைவுக்கு என்ன பண்ணப் போறீங்க? கண்டக்டருக்குக் குடை குடுப்பீங்களா மாட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரை விட்டுப் போகப் போகிறவர்கள் குடையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். அந்த 'வேண்டாங்க' என்ற சத்தம் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

"சிரிக்காதீங்க. நான் தர்ணா அறிவிச்சுப் போடுவேன்."

"ஏற்கனவே பண்ணியாச்சு டாக்டர். உங்க நிழல் மழை வேண்டாம்னு சொல்லிட்டாம். அதனால இந்த மாசக் கடைசியோட ஊரையே மூடப் போறாவ."

டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டார். எனக்குத் திட்டு விழும் என்று பார்த்தேன், விழவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"அப்ப இந்த மூணு வருஷமா எங்களைக் கேக்காம, அதுகளைத்தான் கேட்டுட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"சம்மதம்னு டிக்கு அடிச்சது நாந்தானுங்க. ஏதோ நல்லதுக்குன்னு நெனச்சு அடிச்சேன். ஆனா ஜெசிந்தா, வேண்டாம்னு சொல்றதுல எனக்கு ஒரு சந்தோசம் இருக்குதுங்க. நான் வேண்டாம்பேன், நீங்க கூப்பிடுவீங்க, சாப்பிட்டாச்சான்னு கேப்பீங்க. பையன் அமெரிக்காவுல இருந்து கூப்பிட்டாக்கூட அதைக் கேக்கறதில்ல. அதையும் புடுங்கி மிஷினுக்குக் குடுத்துட்டீங்களே."

நானும் அந்தப் பலகையைத் துடைத்துக்கொண்டு மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவள்தானே.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கிளினிக் லீவு" என்றார் டாக்டர், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நான் வர்றேன். அந்த நிழலு, அவளை நான் பாக்கோணும்."

நாற்காலியில் இருந்தவர் அதுவரை வாயை மூடவில்லை பாவம்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீசில் நாங்கள் மூன்று பேர்தான். ஹாரூன் சோதனை அறையின் பெரிய திரையைப் போட்டான். அங்கே நிழல்கள் மட்டும் வாழ்கிற வேங்கைமலை இருந்தது. மழை பெய்துகொண்டிருந்தது.

சந்தையின் தகரக் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகியது. பஸ் ஸ்டாண்டில் தேங்கின தண்ணீரில் பெயர்ப்பலகை விளக்கு சிவப்பாகக் கிடந்தது. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. நானும் அதை முதல் தடவையாகத்தான் பார்க்கிறேன். மேலே டீக்கடையில் இப்போது அடுப்பு எரிந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் டாக்டர் மெல்ல. உடனே நிமிர்ந்து, "ஆனா வேண்டாங்க" என்றார்.

அடிவாரத்தில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வரிசையில் இரண்டாவது பஸ்ஸின் படியில் டாக்டரின் நிழல் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நனைந்தபடி நின்றது. டாக்டர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பயணியாக உள்ளே போனார்.

"ஏனுங்க, சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னுடையது.

"இன்னும் இல்லீங்க" என்றது நிழல், அப்படியே டாக்டரின் குரலில். "ஏறாதீங்க. வண்டி இப்பப் போகாது."

"ஏன், மழை புடிக்கலீங்களா?"

"மழைக்கு என்னங்க, அது பாட்டுக்குப் பேயுது. முன்னாடி பழைய டிரைவரு வண்டி நிக்குது பாருங்க. மலையில நின்ன வண்டியைத் தாண்டி யாரும் போறதில்லீங்க. பின்னாடியே நின்னு, ஹாரன் அடிச்சு, என்னாச்சுன்னு கேக்கோணும். கேட்டுட்டே இருக்கறோம். அவரும் பதிலுக்கு அடிக்கறாரு. நகர மாட்டேங்கறாரு."

ஹாரூன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அப்படி ஒரு வழக்கம் இருக்கா?"

"இருக்குல. மலையில ஒரு வண்டி பழுதாகி நின்னா பின்னால வர்ற வண்டி தனியா விட்டுட்டுப் போகாது. முதல் வருஷத்துல இருந்தே உண்டு."

"வண்டி நின்னு ஹாரன் அடிச்சா தர்ணான்னு நான் மிஷினுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். எல்லாரும் நின்ன உடனே சோதனை தானா முடிஞ்சிடும். இன்னைக்குத்தான் முடிக்காம ஓட விட்டிருக்கேன்." அவன் குரல் இறங்கிவிட்டது. "அவங்க மழைக்காக நிக்கல. ஒருத்தருக்காக நிக்கிறாங்க."

மூன்று வருடமாக நாங்கள் கைவிட்ட மாற்றங்கள் எல்லாம் இந்த ஒற்றை வண்டிக்குப் பின்னால் நின்றுபோனவையாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஹாரூனைத் திட்ட வேண்டும்போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை.

"யாருங்க டாக்டர் அந்த பழைய டிரைவர்?" என்று கேட்டேன். "நான் அவரை ஒரு தடவைகூட போன்ல கூப்பிட்டதில்லியே."

"தெரியாதுங்க. நம்பர் குடுக்க மாட்டாரு, மைக்குல பேச மாட்டாரு. காலையில முதல் வண்டி அவருதுதான். ரொம்பப் பதமா ஓட்டுவாரு. ஹாரனை வெச்சுத்தான் அடையாளம். கேளுங்க, ரெண்டு அடுத்தடுத்து, கொஞ்சம் வுட்டு ஒண்ணு."

பாம் பாம், பாம் என்றது முன்னால் நின்ற வண்டி. எங்கோ கேட்டது போலவே இருந்தது.

கதவு திறந்து நாச்சிமுத்து சார் வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு ஆபீஸ்தான், போக வேறு இடம் கிடையாது. டாக்டரைக் கும்பிட்டுவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். திரையில் மழையும் வரிசை வரிசையாக பஸ்களும். பார்த்துக்கொண்டே இருந்தவர், தன்னை அறியாமல் டாக்டரின் நாற்காலி முதுகில் விரலால் தட்டினார்.

டக் டக், டக்.

டாக்டர் ஹெட்போனைக் கழற்றினார். மெல்லத் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பழைய டிரைவருங்களா?" என்றார்.

நாச்சிமுத்து சாருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்த மனிதரை இத்தனை வருடத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"காலையில எந்திரிச்சு ஒரு டிரிப்புங்க" என்றார். "வேற பேர்ல. நான் முதலாளியா இல்லாத நேரம் அது ஒண்ணுதான். சும்மா வண்டி ஓட்டறவனா இருப்பேன். நீங்க அடிக்கிற விசில் எனக்கு நல்லாத் தெரியுமுங்க."

"சார், உங்களுக்கும் நிழல் இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்றான் ஹாரூன். "நிஜப் பேரு எதுவும் எங்களுக்குக் காட்டாது. நீங்க சம்மதம் குடுத்தீங்களா?"

"டிக் அடிச்சிருப்பேன். யாருங்க அதையெல்லாம் படிக்கறாங்க."

அந்த சம்மதப் பத்திரத்தை எழுதியதே அவர்தான். அதைச் சொல்லிக் காட்டுகிற நேரமா இது என்று வாயை மூடிக்கொண்டேன்.

"மூணு வருஷமா மழை மழைன்னு உயிரை விட்டது நீங்கதான சார்?" என்றேன்.

"ஆமாங்க. வேணும்னுதான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ரசிகருக்குப் புடிக்கலைன்னு வந்தப்ப எனக்கு எவ்வளவு வருத்தம்ங்கிறது உங்களுக்குத் தெரியாதுங்களா?" அவர் திரையில் நின்ற முதல் பஸ்ஸைக் காட்டினார். "அது எதுக்குங்க அங்க நிக்குது?"

"நீங்கதான் சொல்லோணும்" என்றார் டாக்டர்.

அவர் ரொம்ப நேரம் தன் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. உள்ளே டிரைவர் சீட்டில் ஒரு உருவம் ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏழாவது வளைவு கரைஞ்சிருமுங்க" என்றார் கடைசியில். "அந்த ஒரு பிழைக்காகத்தான் காலேஜ்ல எனக்கு ப்ராஜெக்ட் ஃபெயில் போட்டாங்க. அதைப் பாத்துச் சிரிச்சு ஒருத்தர் ரெண்டு பேருன்னு சேந்துதான் ஊரே உண்டாச்சு. மழை வந்தா நாளைக்கு ஊரு எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுன்னு ஆபீசுல பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். வண்டியில உக்காந்தா அதேதான் பயமா இருக்கும்போல. அப்பறம் அது நான் கட்டுன ஊரு இல்லீங்களே."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்க மூக்கைச் சிந்தினேன். ஊர் முழுக்க ரசிகர்களைத் தேடித் தேடிச் சமாதானம் செய்தேன். பக்கத்து அறையில் ஒருத்தர் கோபித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியவே இல்லை.

"சரி, முடிவு என்ன?" என்று டாக்டர்தான் கேட்டார். "மூடப் போறீங்களா, மழையை வுடப் போறீங்களா? எதுன்னாலும் நான் தர்ணா பண்ணுவேன். ஆனா மூடிட்டீங்கன்னா தர்ணா பண்ண எடம் இருக்காது."

நாச்சிமுத்து சார் நாற்காலியைத் தட்டப் போனார். பிறகு கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"விடலாமுங்க" என்றார்.

மாதக் கடைசி நாள், பழைய ஊரை மூட நினைத்த அதே நாளில், காலையில் புதிய வேங்கைமலையைத் திறந்தோம். நிழல்கள் இல்லை, அத்தனையும் நிஜ ஆட்கள். இருட்டிக்கொண்டு வந்தது. முதல் சொட்டு சந்தைக் கூரையில் விழுந்தபோது ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மைக்கில் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்றெல்லாம் கேட்காதீர்கள். பாதிப் பேர் திட்டினார்கள், மீதிப் பேர் தங்கள் வீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

அடிவாரத்தில் முதல் வண்டி நின்றது.

பின்னால் வந்த வண்டி நின்றது. அதற்குப் பின்னால், அதற்கும் பின்னால் என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வரிசை நீண்டது. ஹாரன் கிளம்பியது.

"அக்கா" என்றான் ஹாரூன், முகம் வெளுத்துப்போய். "அப்படியே நடக்குது. நிழல் சொன்ன மாதிரியே நடக்குது."

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். நாச்சிமுத்து சார் தன் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் பொருத்தியிருந்த கேம் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகம், கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு வாசலில் நிற்கிற மாமாவின் முகம்தான்.

மூன்று வருடம் கழித்து என் போனை எடுத்தேன். கண்ணாடிக்கு அப்பால் அவருடைய போன் அடித்தது. நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார்.

"சார், சாப்பிட்டாச்சா?"

"ஜெசிந்தா, இந்தப் பேச்சை நீங்க எத்தனை பேருகிட்டப் பேசியிருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க."

"அது கெடக்கட்டும். சாப்பிட்டியளா இல்லியா?"

"இல்லீங்க" என்றார்.

"இந்த ஆபீசுல முதலாளின்னு ஒருத்தர் இருக்காரு பாருங்க, அவரைச் சொல்லணும். ஒரு வார்த்தை கேட்டாரா? அவரு பாட்டுக்கு மழையைப் பேய விட்டுட்டாரு."

"விவரம் பத்தாதுங்க அந்த ஆளுக்கு" என்றார். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"ஒரே ஒரு டிரிப் சார். எனக்காக."

"ஒண்ணுதான்."

"ஒண்ணே ஒண்ணு."

திரையில் முதல் பஸ்ஸின் வைப்பர் ஆட ஆரம்பித்தது. இரண்டு ஹாரன் அடுத்தடுத்து, கொஞ்சம் விட்டு ஒன்று. வண்டி நகர்ந்தது. பின்னால் டாக்டரின் விசில் கேட்டது, கூடவே அவர் குரலும். "கண்டக்டருக்குக் குடை எங்கீங்க? ஜெசிந்தா, இதை நான் சும்மா வுட மாட்டேன்." வரிசை மொத்தமும் மலை ஏறியது.

போனை நான் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. ஆறாவது வளைவு தாண்டியது. ஏழாவது வளைவு வரவேண்டிய இடத்தில் மண் சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஓடையை ஒட்டி ஊர் தானாகவே ஒரு பாதையை வெட்டி வைத்திருந்தது. சார் அதில் வண்டியைத் திருப்பினார். பயணிகள் யாரும் எம்பவில்லை. சாதாரணமாக ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது.

ஓடையைக் கடந்து, எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஏற்றத்தில் வண்டி ஏறியது. சட்டென்று பயணிகள் அத்தனை பேரும் சீட்டிலிருந்து எம்பினார்கள். கூரையில் தலை முட்டியது. ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி உட்கார்ந்தார்கள்.

நான் ஹாரூனைப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் விரித்தான்.

"ஜெசிந்தா" என்றார் நாச்சிமுத்து சார். "அதை நான் வெக்கலீங்க."

"தெரியும் சார்."

"யாரும் வெக்கல. ஊரே வெச்சுக்கிச்சுங்க."

அவருக்குப் பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாக அந்த ஏற்றத்தில் ஏறின. ஒவ்வொரு வண்டியிலும் பயணிகள் எம்பி உட்கார்ந்தார்கள். மலை முழுக்க ஹாரன் கேட்டது, புதிதாக ஒருத்தர் ஊருக்கு வந்தால் அடிப்பார்களே, அந்த ஹாரன்.

"இறங்கி வந்து சாப்பிடுங்க சார்" என்றேன். "டிரிப் முடிஞ்சுது."

"இருங்க" என்றார். "இன்னொரு டிரிப் போயிட்டு வந்துர்றேன்."